'வெளிநாட்டில் படித்தவர்' என்ற வரிக்குள் என்ன இருக்கிறது?

அசோக ரன்வல 2024 நவம்பர் 21ஆம் திகதி 10ஆவது நாடாளுமன்றத்தின் சபாநாயகராகத் தெரிவானார். டிசெம்பர் 13ஆம் திகதி பதவி விலகினார். இடையில் சுமார் மூன்று வாரங்கள்தான். அவரது பெயருக்கு முன்னால் இருந்த 'கலாநிதி' என்ற சொல்லும், ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட தகைமையும் சமூக ஊடகங்களில் கேள்விக்குள்ளாகி, பின்னர் நாடெங்கும் பேசுபொருளாகின. தான் பொய் எதுவும் சொல்லவில்லை என்றும், உரிய ஆவணங்களை உடனடியாகப் பெற்றுக்கொள்வது கடினமாக இருக்கிறது என்றும் கூறியே அவர் விலகினார். அதே நாட்களில் நீதி அமைச்சரின் பெயருக்கு முன்னாலும் நாடாளுமன்ற இணையத்தளத்தில் 'கலாநிதி' என்று இருந்ததும், அது தரவுகளை உள்ளிடும்போது நேர்ந்த தவறு என்று விளக்கம் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

அந்த விவாதத்தில் எல்லோரும் "பட்டம் இருக்கிறதா, இல்லையா?" என்றுதான் கேட்டார்கள். ஒருவருடைய கல்வி விபரத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் வந்தால், அந்தப் பெயர் உண்மையில் எதைக் குறிக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. பட்டம் தந்த இடமா? ஆறு மாதம் படித்த இடமா? இரண்டு வாரப் பயிற்சிக்குப் போன இடமா? பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு நிலையமா? எங்கள் பேச்சுத் தமிழில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: "வெளிநாட்டில படிச்சவர்." கல்விசார் சுயவிபரக்கோவையில் இந்த ஒரே சொல் போதாது. அங்கே இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வரிகள்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. ஊடகக் கற்கையில் பட்டம் பெற்று, எழுத்தையே தொழிலாகக் கொண்டிருப்பதால், புலமைப்பரிசிலுக்கும் விரிவுரையாளர் பதவிக்கும் விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் தங்கள் சுயவிபரக்கோவையை "ஒருக்காப் பாத்துத் தாங்கோ அக்கா" என்று எனக்கு அனுப்புவதுண்டு. மொழியைத் திருத்தத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் வெளிநாட்டுக் கல்வி பற்றிய வரியில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கும். அது இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, பத்து நாள் செயலமர்வுக்குப் போன பல்கலைக்கழகத்தின் பெயர் 'கல்வித் தகைமைகள்' என்ற தலைப்பின் கீழ், பட்டங்களோடு பட்டமாக உட்கார்ந்திருக்கும். மற்றது, ஒரு முழு செமஸ்டர் வெளிநாட்டில் படித்தவர் அதை எழுதாமலே விட்டிருப்பார்.

இரண்டாவது விதம்தான் அதிகம் வருத்தம் தரும். வன்னியைச் சேர்ந்த ஒரு தங்கை, பரிமாற்று மாணவியாக ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் படித்தவர். அந்தச் செய்தி அவருடைய சுயவிபரக்கோவையின் கடைசிப் பக்கத்தில், வலைப்பந்தாட்டத்துக்கும் முதலுதவிப் பயிற்சிக்கும் நடுவில் ஒரு வரியாகக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "அது பட்டம் இல்லைத்தானே அக்கா. மேல போட்டா புளுகுற மாதிரி இருக்கும்" என்றார். கூட்டிச் சொல்கிறவரின் துணிவும் குறைத்துச் சொல்கிறவரின் கூச்சமும் ஒரே குழப்பத்திலிருந்து வருகின்றன. வெளிநாட்டுக் கல்வி என்றால் பட்டமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அது ஒன்றுமில்லை என்ற எண்ணம் இருவரிடமும் இருக்கிறது.

பி.ஏ. (லண்டன்)

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. பழைய பாடசாலை மலர்களைப் புரட்டினால் அதிபர், ஆசிரியர்களின் பெயர்களுக்குப் பின்னால் 'பி.ஏ. (லண்டன்)' என்று இருப்பதைக் காணலாம். அவர்களில் பலர் லண்டனைக் கண்ணால் கண்டதில்லை. லண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டு முதல் வெளிவாரிப் பரீட்சைகளை நடத்தி வருகிறது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சொந்தமாகப் பட்டம் வழங்கும் அதிகாரம் இருக்கவில்லை. அங்கு படித்தவர்கள் லண்டன் பரீட்சைக்கே தோற்றினார்கள். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவான பிறகுதான் நாட்டுக்குள் பட்டம் வழங்கும் நிறுவனம் ஒன்று வந்தது. அதற்கும் முன்னர், 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதற் பட்டதாரிகளாக வந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவர்கள்.

'பி.ஏ. (லண்டன்)' என்று எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. அடைப்புக்குறிக்குள் இருந்த ஊர், பட்டத்தை வழங்கிய பல்கலைக்கழகத்தைக் குறித்தது. படித்தவர் எந்த ஊரில் இருந்தார் என்பதை அது சொல்லவில்லை. வாசித்த ஊர்தான் அதை "லண்டனுக்குப் போய்ப் படிச்சவர்" என்று விளங்கிக்கொண்டது. எழுதுவதற்கும் வாசிப்பதற்கும் இடையிலான இந்த இடைவெளி இன்றும் அப்படியே இருக்கிறது. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் படித்து பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டம் பெறுகிற ஆயிரக்கணக்கானோரின் நிலையும் இதுதான். அவர்களுடைய பட்டம் வெளிநாட்டுப் பட்டம். ஆனால் அது வெளிநாட்டில் படித்த அனுபவம் அல்ல.

ஆகவே வெளிநாட்டுக் கல்வி பற்றிய எந்த வரியும் மூன்று கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லவேண்டும். பட்டத்தையோ சான்றிதழையோ வழங்கியது யார்? அந்தக் காலத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், எவ்வளவு காலம்? அங்கே என்ன செய்தீர்கள்? இந்த மூன்றையும் ஒரே பதிலாகக் குழைத்துவிடும் வரிதான் பிற்காலத்தில் ஆளைச் சிக்கலில் மாட்டிவிடுகிறது.

ஒவ்வொன்றுக்கும் உரிய இடம்

முதலில், முழுப் பட்டம். வெளிநாட்டுக்குப் போய், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து, அங்கேயே பட்டம் பெற்றவருக்குச் சிக்கல் குறைவு. பட்டத்தின் சரியான பெயர், துறை, பல்கலைக்கழகம், நாடு, பட்டம் வழங்கப்பட்ட ஆண்டு ஆகியன போதும். இந்தியாவில் படித்தவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அங்கே பல கல்லூரிகள் பல்கலைக்கழகங்களோடு இணைக்கப்பட்டவை. படித்தது கல்லூரியில், பட்டம் வழங்கியது பல்கலைக்கழகம். இரண்டு பெயரையும் எழுதவேண்டும். கல்லூரியின் பெயரை மட்டும் எழுதினால், சரிபார்க்கிறவர் பட்டம் வழங்கிய நிறுவனத்தைத் தேடி அலையவேண்டியிருக்கும்.

இரண்டாவது, பரிமாற்று மாணவராகப் படித்த செமஸ்டர். இங்கே பட்டம் வழங்குவது தாய்ப் பல்கலைக்கழகம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பாடங்களுக்கான பெறுபேற்றுப் பத்திரத்தை, அதாவது ட்ரான்ஸ்கிரிப்டை மட்டும் தரும். ஐரோப்பாவில் 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் இந்த முறையைப் பரவலாக்கியது. இன்று எராஸ்மஸ் பிளஸ் ஊடாக ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மாணவர்களும் போகிறார்கள். இது கல்வித் தகைமைகள் பகுதியில்தான் வரவேண்டும். ஆனால் தனிப் பட்டமாக வரக்கூடாது. இளமாணிப் பட்டத்தின் கீழே, சற்று உள்தள்ளி, துணை வரியாக வரவேண்டும். அந்தத் தங்கையின் வரியை நாங்கள் அப்படித்தான் மேலே கொண்டுவந்தோம். உள்தள்ளி எழுதினால் புளுகுவதாகத் தெரியாது என்பதை அவரே ஒத்துக்கொண்டார்.

இங்கே கிரெடிட் கணக்கு ஒன்று இருக்கிறது. பலர் "30 கிரெடிட் படித்தேன்" என்று மொட்டையாக எழுதிவிடுகிறார்கள். எந்த நாட்டுக் கிரெடிட் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஐரோப்பாவின் ஈ.சி.ரி.எஸ். முறையில் ஒரு முழுக் கல்வியாண்டு 60 கிரெடிட். பிரித்தானியாவில் 120. அமெரிக்காவில் ஏறத்தாழ 30. எஸ்.எல்.கியூ.எஃப். எனச் சுருக்கி அழைக்கப்படும் எங்களுடைய தகைமைகள் கட்டமைப்பில் 30. ஐரோப்பிய கிரெடிட் ஒன்று 25 முதல் 30 மணி நேரக் கற்றலைக் குறிக்கிறது. எங்களுடையது 50 மணி நேரத்தைக் குறிக்கிறது. ஆகவே ஐரோப்பாவில் ஒரு செமஸ்டரில் எடுத்த 30 கிரெடிட், எங்கள் கணக்கில் சுமார் 15 கிரெடிட்டுக்குச் சமம். அதை இங்கே ஓர் ஆண்டுப் படிப்பு என்று யாராவது விளங்கிக்கொண்டால் பிழை வாசித்தவருடையது மட்டுமல்ல. 'ஈ.சி.ரி.எஸ்.' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அந்தக் கிரெடிட்டைத் தாய்ப் பல்கலைக்கழகம் பட்டத்துக்காக ஏற்றுக்கொண்டதா என்பதையும் ஒரு சொல்லில் குறிப்பிடலாம்.

மூன்றாவது, கூட்டுப் பட்டம். எராஸ்மஸ் முண்டுஸ் போன்ற முதுமாணித் திட்டங்களில் மாணவர் இரண்டு, மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிப்பார். சில திட்டங்களில் எல்லாப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரே பட்டம் வழங்கும். சிலவற்றில் தனித்தனிப் பட்டங்கள் வரும். கையில் உள்ள பட்டச் சான்றிதழ் என்ன சொல்கிறதோ அதையே எழுதவேண்டும். ஒரே முதுமாணிப் பட்டத்தை மூன்று நாட்டுப் பெயரோடு மூன்று வரியாகப் பிரித்தால் மூன்று முதுமாணி போலத் தெரியும்.

நான்காவது, பிரிந்த இடத்துக் கற்கை. பொதுநலவாயப் புலமைப்பரிசில்களில் இப்படி ஒன்று உண்டு. இலங்கையில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்த ஒருவர் 12 மாதங்கள் வரை பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்யலாம். பட்டத்தை வழங்குவது இலங்கைப் பல்கலைக்கழகம். இங்கே பிரித்தானியப் பெயரை முன்னால் போட்டு இலங்கைப் பெயரைப் பின்னால் மறைப்பது தவறு. பிரித்தானிய மேற்பார்வையாளரின் பெயரையும் அங்கே செய்த ஆய்வையும் துணை வரியில் எழுதுவதே முறை. புலமைப்பரிசிலின் பெயரோ கல்வித் தகைமைகளில் இல்லாமல் 'விருதுகளும் நிதியுதவிகளும்' பகுதியில் வரவேண்டும். ஃபுல்பிரைட், சீவ்னிங், டாட் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். அவை பட்டங்கள் அல்ல, போட்டியில் வென்ற நிதியுதவிகள். அந்த வகையில் அவற்றுக்குத் தனிப் பெருமை உண்டு. அந்தப் பெருமையை அதற்குரிய இடத்தில் காட்டவேண்டும்.

ஐந்தாவது, வருகைதரு ஆய்வாளர். ஒரு பல்கலைக்கழகத்தின் அழைப்பில் மூன்று மாதம் போய், நூலகத்திலும் ஆய்வுகூடத்திலும் வேலை செய்துவிட்டு வருவது. இது கல்வித் தகைமையும் அல்ல, ஊதியம் இல்லாதபோது தொழில் அனுபவமும் அல்ல. 'ஆய்வுத் தங்கல்கள்' என்று தனித் தலைப்பு வைத்து, மாதங்களைக் குறிப்பிட்டு எழுதலாம். '2022–2023' என்று மட்டும் எழுதினால், 2022 டிசெம்பரில் போய் 2023 ஜனவரியில் திரும்பியவரும் இரண்டு ஆண்டு இருந்தவர் போலத் தோன்றுவார். ஆண்டை மட்டும் எழுதி மாதத்தை விடுவது, எங்கள் சுயவிபரக்கோவைகளில் நான் அடிக்கடி காணும் வித்தை.

ஆறாவது, குறுகிய காலப் பயிற்சிகள், கோடைகாலக் கல்லூரிகள், நிகழ்நிலைச் சான்றிதழ்கள். இவற்றுக்குத் 'தொழில்சார் பயிற்சி' என்ற பகுதி உண்டு. பிரபல பல்கலைக்கழகங்களின் கட்டடங்களை வாடகைக்கு எடுத்துத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் கோடைகால வகுப்புகளும் இருக்கின்றன. அங்கே படித்தவர் அந்த வளாகத்தில் தங்கியது உண்மை. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் ஆகமாட்டார். சான்றிதழில் கையொப்பமிட்டிருப்பது யார் என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். எட்எக்ஸ், கோர்செரா ஊடாக வரும் சான்றிதழ்களுக்கும் தளத்தின் பெயரைச் சேர்த்தே எழுதவேண்டும்.

கடைசியாக, முடிக்காமல் விட்ட படிப்பு. இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. கற்கை விடுமுறையில் கலாநிதிப் பட்டத்துக்காகப் போய், பணமோ உடல்நலமோ குடும்பமோ இடம் தராமல் திரும்பியவர்கள் எங்கள் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். அவர்கள் எழுதக்கூடிய நேர்மையான வரி இருக்கிறது: 'கலாநிதிப் பட்டக் கற்கை, இன்ன பல்கலைக்கழகம், 2017–2019, நிறைவு செய்யப்படவில்லை.' அந்தக் காலத்தில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை இருந்தால் அதை வெளியீடுகளில் சேர்க்கலாம். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் 'கலாநிதி' என்ற சொல்லைப் பெயருக்கு முன்னால் கொண்டுவரக்கூடாது. அமெரிக்க முறையில் தகுதிகாண் பரீட்சைகளில் சித்தியடைந்த பிறகுதான் ஒருவர் 'கலாநிதிப் பட்ட வேட்பாளர்' ஆகிறார். அதற்கு முன்னர் அவர் மாணவர். பிரித்தானியாவிலும் இங்கும் பலர் முதலில் முதுதத்துவமாணிக்குப் பதிவு செய்து, பின்னரே கலாநிதிப் பட்டத்துக்குத் தரமுயர்த்தப்படுகிறார்கள். எந்தப் படியில் நிற்கிறோமோ அந்தப் படியின் பெயரை எழுதவேண்டும்.

வரி எப்படி இருக்கும்?

விளக்கத்துக்காக ஒரு கற்பனை உதாரணம். பல்கலைக்கழகங்களின் பெயர்கள் உதாரணத்துக்கு மட்டும்.

சிக்கலான வரி:
உயர்கல்வி: உப்சாலா பல்கலைக்கழகம், சுவீடன் (2019–2020); பேராதனைப் பல்கலைக்கழகம்.

தெளிவான வரி:
கலைமாணி (சிறப்பு), புவியியல், பேராதனைப் பல்கலைக்கழகம், 2016–2020. பட்டம் வழங்கப்பட்டது 2021.
– பரிமாற்று மாணவர், உப்சாலா பல்கலைக்கழகம், சுவீடன், 2019 செப்டெம்பர் – 2020 ஜனவரி. 30 ஈ.சி.ரி.எஸ். கிரெடிட். நீர்வள முகாமைத்துவம், கள ஆய்வு முறைகள் ஆகிய பாடங்கள்.

முதல் வரி பளபளப்பானது. அதை வாசிக்கிற நேர்முகத்தேர்வுக் குழு உறுப்பினர் "உப்சாலாவில என்ன பட்டம்?" என்று கேட்டவுடன் அந்தப் பளபளப்பு போய்விடும். அதன் பிறகு மற்ற எல்லா வரியிலும் அவருக்குச் சந்தேகம் வரும். இரண்டாவது வரியைப் பார்த்தவர் "அந்தக் கள ஆய்வில என்ன செய்தனீங்கள்?" என்றுதான் கேட்பார். அதற்குச் சொல்ல விண்ணப்பதாரியிடம் கதை இருக்கிறது.

இதற்குப் பின்னால் சான்றுகள் இருக்கவேண்டும். பெறுபேற்றுப் பத்திரம், ஏற்றுக்கொண்ட கடிதம், தங்கியிருந்த காலத்தை உறுதிப்படுத்தும் கடிதம் ஆகியவற்றை நாட்டை விட்டு வெளிக்கிட முன்னரே கேட்டு வாங்கிவிடவேண்டும். பத்து வருடம் கழித்துக் கேட்டால் அந்த அலுவலகத்தில் யாரும் உங்களை அறிந்திருக்கமாட்டார்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்கள் பட்டத்தோடு வரும் 'டிப்ளோமா சப்ளிமென்ட்' என்ற விளக்கப் பத்திரத்தையும் பத்திரப்படுத்தவேண்டும். எந்த மட்டத்துப் பட்டம், எத்தனை கிரெடிட், எந்தப் பாடங்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்று இங்கே கேள்வி வந்தால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கடிதம் பெறலாம். பிரித்தானியாவில் பட்டங்களைச் சரிபார்க்க 'ஹெட்' என்ற சேவையும், அமெரிக்காவில் 'நஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ்' என்ற நிறுவனமும் இயங்குகின்றன. இன்று ஒரு வரியைச் சரிபார்க்க ஒருவர் கப்பல் ஏறத் தேவையில்லை. விண்ணப்பப் படிவத்தின் அடியில் "மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மையானவை" என்று நாங்கள் வைக்கும் கையொப்பத்தையும் மறக்கக்கூடாது.

போனதும் கொண்டுவந்ததும்

மூன்று கேள்விகளில் மூன்றாவதுதான் முக்கியமானது. அங்கே என்ன செய்தீர்கள்?

பேராசிரியர் க. கைலாசபதி பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவரது மேற்பார்வையாளர் கிரேக்க மொழிப் பேராசிரியரான ஜோர்ஜ் தொம்சன். பண்டைய கிரேக்க வீரப்பாடல்களை ஆராய்ந்த முறையைச் சங்க இலக்கியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு அங்கேதான் நடந்தது. அது 1968இல் 'தமிழ் வீரயுகப் பாடல்கள்' பற்றிய ஆங்கில நூலாக ஒக்ஸ்போர்ட்டில் வெளிவந்தது. பின்னர் பேராசிரியர் கா. சிவத்தம்பியும் அதே தொம்சனிடம் போய், பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆய்வு செய்தார். இவர்களைப் பற்றிப் பேசும்போது யாரும் "பேர்மிங்ஹாமில் படித்தவர்கள்" என்று நிறுத்திக்கொள்வதில்லை. யாரிடம் படித்தார்கள், எந்த முறையைக் கற்றார்கள், அதைக் கொண்டு தமிழில் என்ன செய்தார்கள் என்பதுதான் பேச்சு. ஊரின் பெயர் ஓர் அடையாளம்தான். மேற்பார்வையாளர், முறை, விளைவு என்பவை உள்ளடக்கம்.

நேற்றுப் பட்டம் பெற்ற ஒருவர் கைலாசபதி ஆகவேண்டியதில்லை. ஆனால் அவருடைய வரியிலும் இந்த உள்ளடக்கம் சிறிதளவாவது இருக்கலாம். இங்கு கிடைக்காத எந்தப் பாடத்தை அங்கே எடுத்தீர்கள்? எந்த ஆய்வுகூடக் கருவியில் வேலை செய்தீர்கள்? எந்த ஆவணக் காப்பகத்தில் எதைத் தேடினீர்கள்? உங்களைத் தெரிந்த எந்தப் பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் தருவார்? இவற்றில் ஒன்றுக்காவது பதில் எழுத முடியுமானால் ஒரு செமஸ்டரும் பெரிய செமஸ்டர்தான். ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் நான்கு வருடமும் கடவுச்சீட்டில் விழுந்த முத்திரையாகவே மிஞ்சும்.

எந்த வெளிநாடு?

இதில் பேசாமல் விடமுடியாத இன்னொன்று இருக்கிறது. எங்கள் சமூகம் எல்லா வெளிநாட்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. ஒஸ்லோவில் ஒரு செமஸ்டர் படித்தவர் 'வெளிநாட்டில் படித்தவர்'. போரின்போது குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குப் போய், முகாமிலிருந்து கல்லூரிக்குப் போய், பட்டம் பெற்று, 2009க்குப் பிறகு ஊர் திரும்பியவரை யாரும் அப்படி அழைப்பதில்லை. அவரும் இன்னொரு நாட்டின் பல்கலைக்கழகத்தில் முழுப் பட்டம் பெற்றவர்தான். அகதி என்ற சொல் அந்தப் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் என்ற பயத்தில், அந்த ஆண்டுகளைச் சுயவிபரக்கோவையில் சுருக்கி மறைத்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். மறைக்கத் தேவையில்லை. எந்த நிலையில் அந்த நாட்டில் இருந்தோம் என்பதைச் சுயவிபரக்கோவை கேட்பதில்லை. பட்டம், கல்லூரி, பல்கலைக்கழகம், ஆண்டு ஆகிய நான்கும் அதற்குப் போதும். ஐரோப்பாவில் பெற்ற பட்டம் நிற்கிற அதே இடத்தில், அதே எழுத்தளவில் அதுவும் நிற்கவேண்டும்.

போகவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். பரிமாற்றுத் திட்டத்துக்குத் தெரிவாகியும், விமானச் சீட்டுக்கும் விசாவுக்குக் காட்டவேண்டிய வங்கிக் கணக்குக் கூற்றுக்கும் வழியில்லாமல் நின்றவர்கள் உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது இந்தத் தூரம் இன்னும் கூடியது. நேர்முகத்தேர்வுக் குழு ஒன்று 'வெளிநாடு' என்ற சொல்லுக்கே புள்ளி போடுமானால், அது திறமைக்குப் போடும் புள்ளியாக இருக்காது. பெரும்பாலும் வசதிக்குப் போடும் புள்ளியாகவே இருக்கும். கிளிநொச்சியில் இருந்துகொண்டே நல்ல கள ஆய்வு செய்து, நல்ல சஞ்சிகையில் கட்டுரை வெளியிட்டவர், பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்தவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கவேண்டி வரும்.

ஆகவே எழுதுகிறவருக்கு இருக்கிற பொறுப்பு வாசிக்கிறவருக்கும் இருக்கிறது. தெரிவுக் குழுக்களில் இருக்கிறவர்கள், கூட்டங்களுக்கு அழைப்பிதழ் அடிக்கிறவர்கள், என்னைப் போல அறிமுகக் குறிப்பு எழுதுகிற ஊடகக்காரர்கள் எல்லோரும் 'வெளிநாட்டில் உயர்கல்வி கற்றவர்' என்ற சொற்றொடரைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடலாம். எந்தப் பல்கலைக்கழகம், என்ன பட்டம், எந்த ஆண்டு என்று கேட்டு எழுதுவது மரியாதைக் குறைவு அல்ல. உண்மையாகப் படித்தவர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

அழகுபடுத்திய வரியை அதை எழுதியவர் ஒவ்வொரு நேர்முகத்தேர்விலும் காவல் காக்கவேண்டும். குறைத்து எழுதிய வரியை யாரும் காவல் காக்கத் தேவையில்லை, ஆனால் அது எழுதியவருக்கு உதவுவதும் இல்லை. யார் வழங்கினார்கள், எங்கே எவ்வளவு காலம் இருந்தேன், என்ன செய்தேன் என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் இரண்டு தொல்லையும் இல்லை. இந்த வாரம் விண்ணப்பம் அனுப்ப இருப்பவர்கள், அனுப்ப முன்னர் அந்த ஒரு வரியை மட்டும் இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள்.